"ஷீ இஸ் பெட்டர்" என்றால் சுகமாகிவிட்டதா, இல்லையா?

மஸ்கெலியா மகள்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமான ஒரு கேள்வி, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா நெஞ்சுச் சளி கட்டி, மூச்சு வாங்கி, டவுன் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறார். நான் கொழும்பில் வேலை. அப்பாவுக்குச் சிங்களம் அரைகுறை, டாக்டருக்குத் தமிழ் வராது. அதனால் அப்பா என் நம்பரை அவரிடம் கொடுத்திருந்தார். நல்ல மனுஷன், இன்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: "ஷீ இஸ் பெட்டர் டுடே." அவ்வளவுதான்.

அதை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டேன். தம்பி பார்த்துவிட்டு "அம்மாவுக்குச் சுகமாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பா உடனே கூட்டிக்கொண்டு வர வான் பேசிவிட்டார். அடுத்த காம்பரா அக்கா மிளகு ரசம் வைக்கத் தொடங்கிவிட்டாராம். எனக்கென்னவோ பெட்டர் என்றால் 'நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை' என்கிற அளவுதான் என்று படுகிறது. தம்பி ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷுக்கு 'ஏ' எடுத்தவன், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். "குணமாகிவிட்டது என்ற அர்த்தம் டிக்‌ஷனரியிலேயே இருக்கு" என்று படம் பிடித்து வேறு அனுப்பியிருக்கிறான். யார் சொல்வது சரி? வான்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நானுஓயா லீக்ஸ்

தங்கச்சி, முதலில் வானை நிறுத்துங்க. டாக்டர் வாயிலிருந்து 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் வரவேண்டும். வந்த பிறகும் டயக்னோசிஸ் கார்ட் எழுதிக் கையில் தர பின்னேரம் ஆகிவிடும். காலையிலேயே வான் போய் நின்றால் வெயிட்டிங் காசு யார் கொடுப்பது?

ஹட்டன் டீச்சர்

வான் விஷயத்தில் லீக்ஸ் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் தம்பி காட்டிய டிக்‌ஷனரியும் பொய் சொல்லவில்லை மகள். சிக்கலே அங்கேதான்.

'குட், பெட்டர், பெஸ்ட்' என்று எல்லாரும் பாடமாக்கியிருக்கிறோம். 'வெல், பெட்டர், பெஸ்ட்' என்று இன்னொரு வரிசை இருப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை. உடம்பு சுகத்தைப் பற்றிப் பேசும்போது வருவது இந்த இரண்டாவது பெட்டர். "ஐ ஆம் வெல்" என்றால் நோய்நொடி இல்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தம். ஆகவே "ஷீ இஸ் பெட்டர்" என்றால், சுகத்தின் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார் என்றும் சொல்லலாம், மறுபடி சுகமாகிவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டுமே நல்ல இங்கிலீஷ். நம் நாட்டில் படிப்பது பிரிட்டிஷ் இங்கிலீஷ், அதில் இரண்டாவது அர்த்தம் தாராளமாகப் புழங்குகிறது. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் "டோன்ட் கோ டு ஸ்கூல் அன்டில் யூ ஆர் பெட்டர்" என்று ஒரு தாய் சொன்னால், காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்றா அர்த்தம்? முழுசாகச் சுகமான பிறகு போ என்பதுதான்.

அப்போ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பாருங்கள். 'எ லிட்டில் பெட்டர்', 'எ பிட் பெட்டர்', 'மச் பெட்டர்' என்று அளவு சொல்லும் சொல் முன்னால் வந்தால் அது ஒப்பீடு. ஆள் இன்னும் நோயாளிதான். 'மச்' வந்தாலும் நோயாளிதான், அதைக் கவனியுங்கள். 'கம்ப்ளீட்லி பெட்டர்' என்று வந்தால் ஒப்பீடு போய்விட்டது, சுகமாகிவிட்டது. விழுந்து எழும்பிய குழந்தையின் முட்டியில் ஊதிவிட்டு 'ஓல் பெட்டர்' என்பார்களே, அதுவும் இந்த வகை.

உங்கள் டாக்டர் அப்படி எதுவும் போடவில்லை. ஆனால் கடைசியில் 'டுடே' போட்டிருக்கிறார். அதுதான் துப்பு. சுகமாகிப் போன ஆளுக்கு 'இன்றைக்கு' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நேற்றோடு ஒப்பிட்டுத்தான் எழுதியிருக்கிறார், 'நேற்றைவிட' என்பதை விழுங்கிவிட்டார். என் ஓட்டு உங்களுக்கு.

இன்னொன்று. நாளைக்கு "ஷீ இஸ் நோ பெட்டர்" என்று வந்தால் பதறாதீர்கள். மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, முந்தி இருந்த மாதிரியே இருக்கிறார் என்றுதான் அர்த்தம். மோசம் என்றால் 'வேர்ஸ்' என்று வரும்.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டுமானால் "இஸ் ஷீ வெல் இனஃப் டு கோ ஹோம்?" என்று எழுதுங்கள். அதற்கு ஆம், இல்லை இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்ல முடியும்.

பண்டாரவளை பாலா

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் எழுதினவர் இங்கிலீஷ்காரர் இல்லையே. டாக்டர் சிங்களத்தில் யோசித்து இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். வார்டில் சிங்களத்தில் கேட்டால் "தென் ஹொந்தய்" என்பார்கள். 'இப்போ நல்லம்' என்று அர்த்தம். அதற்குள் சுகமும் அடங்கும், பரவாயில்லையும் அடங்கும். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் 'வடா' சேர்க்கிறார்கள், நாம் 'விட' சேர்க்கிற மாதிரி. ஆனால் வார்டில் நின்றுகொண்டு யார் 'வடா' போட்டுப் பேசுகிறார்கள்? "டிக்கக் ஹொந்தய்" என்றால் முடிந்தது.

தமிழிலும் சிங்களத்திலும் பெயரடை உருவம் மாறாது. 'பெரிய' என்றால் எப்பவும் 'பெரிய'தான். எதைவிட என்பதை வெளியே வேறு சொல் போட்டுச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில்தான் ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது, எதைவிட என்று சொல்லாமலே தப்பித்துப் போகலாம்.

மஸ்கெலியா மகள்

டீச்சர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "மச் பெட்டர், பட் நொட் யெட் ரெடி." வான்காரர் பாவம், பாதி வழி வந்து திரும்பினாராம். பெட்ரோலுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். தம்பி குரூப்பில் வாயே திறக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

கணக்கு மாமா, தலவாக்கலை

அம்மா சீக்கிரம் வீடு வந்து சேரட்டும் மகள். இந்த இழையை மூடிவிடாதீர்கள், எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

பெட்டர் என்பதற்குச் சரியான தமிழ் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் காம்பரா வரிசையில், நூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்குகிறது. நீங்களெல்லாம் 'சிறந்தது', 'மேம்பட்டது' என்று புத்தகத்தில் தேடுகிறீர்கள். 'தேவலை' என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டீர்களா? காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனால் எங்கள் அப்பாயி முதலில் கேட்பது "இப்ப தேவலையா?" என்றுதான். "தேவலை" என்று பதில் வந்தால் ஆள் எழும்பி மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கஞ்சி இறங்குகிறது, ராத்திரி தூங்கினார், அவ்வளவுதான் கணக்கு.

அதிலும் பாருங்கள், இரண்டுமே கெட்டதாக இருக்கும்போதுதான் தேவலை அதிகம் வரும். "அரைப்பேருக்கு ஓடி ஓடி எடுக்கிறதுக்கு வீட்டிலேயே இருந்தால் தேவலை" என்பார்கள் (அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்). வீட்டில் இருப்பது நல்லது என்று அதற்கு அர்த்தமா? இல்லை. பெட்டரும் அப்படித்தான். 40 மார்க் எடுத்தவன் 35 எடுத்தவனைவிட பெட்டர். அவன் கெட்டிக்காரன் என்று யார் சொன்னது?

'பெட்டர் தேன் நத்திங்' என்பார்களே, அதற்கு நம் ஆட்கள் 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். இலுப்பைப்பூவை யாரும் நல்ல சர்க்கரை என்று சொல்லவில்லை.

மூடுபனி

மாமா, சூப்பர். ஆனால் ஒரு சந்தேகம். "ஐ ஹோப் யூ கெட் பெட்டர் சூன்" என்று அனுப்புகிறோமே, அப்போ பாதி சுகமானால் போதும் என்றா வாழ்த்துகிறோம்?

ஹட்டன் டீச்சர்

இல்லை மூடுபனி, அங்கே முழுச் சுகம்தான். 'கெட்' ஒரு நிலையில் போய்ச் சேர்வதைச் சொல்கிறது, சேரும் இடம் 'வெல்'. அதனால்தான் கார்டில் 'கெட் வெல் சூன்' என்றும் அச்சடிக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். 'கெட்டிங் பெட்டர்' என்று சொன்னால் இன்னும் வழியில் இருக்கிறார்.

மாமாவின் 'தேவலை' அருமை. வகுப்பில் நாளைக்கே சொல்லப் போகிறேன். ஆனால் ஒரு இடத்தில் அது பொருந்தாது. இரண்டும் நன்றாக இருக்கும்போதும் பெட்டர் வரும். இரண்டு பிள்ளைகளும் அழகாகப் பாடி, ஒருத்தி இன்னும் அழகாகப் பாடினால் "ஷீ இஸ் தி பெட்டர் சிங்கர்" என்பார்கள். அங்கே போய் "இவள் தேவலை" என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் அம்மா சண்டைக்கு வந்துவிடுவார்.

கணக்கு மாமா, தலவாக்கலை

ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். அதற்குத்தான் 'ஒரு படி மேலே' இருக்கிறதே.

ஸ்டோர் கிளார்க்

பெட்டரைப் பற்றிப் பேசும்போது 'ஹேட் பெட்டர்' இல்லாமல் முடியாது. எங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். நல்ல பையன், டியூஷன் போய்ப் படித்த இங்கிலீஷ். லீவு போர்ம் ஒன்றுக்குத் தொரை கையெழுத்து வேண்டும். மரியாதையாக எழுதுகிறேன் என்று ஒரு சிட்டையில் "சேர், யூ ஹேட் பெட்டர் சைன் திஸ் பிஃபோர் ஃப்ரைடே" என்று எழுதி போர்மில் குத்திவைத்துவிட்டான். 'வெள்ளிக்கிழமைக்கு முன் கையெழுத்துப் போட்டால் நல்லது சேர்' என்று நினைத்து எழுதியது. தொரை கூப்பிட்டு, சிட்டையை மேசையில் வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இல்லாவிட்டால் என்ன செய்வாய்?"

பையனுக்கு இன்றுவரை புரியவில்லை. டீச்சர்தான் விளக்க வேண்டும்.

மூடுபனி

லீவு கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஸ்டோர் கிளார்க்

கிடைத்தது. தொரை சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம், பையன்தான் நடுங்கிவிட்டான்.

ஹட்டன் டீச்சர்

இந்த 'ஹேட் பெட்டர்' தமிழ்ப் பிள்ளைகளை ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் "போனால் நல்லது", "சொன்னால் நல்லது" என்று பணிவாகச் சொல்கிறோம். பெட்டர் என்றால் நல்லது என்று நினைத்து அதை அங்கே போட்டுவிடுகிறோம். ஆனால் 'ஹேட் பெட்டர்' பணிவான யோசனை இல்லை. செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும் என்ற மிரட்டல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. "யூ ஹேட் பெட்டர் சீ எ டாக்டர்" என்றால், போகாவிட்டால் வில்லங்கம் என்று அர்த்தம். அம்மா பிள்ளைக்குச் சொல்லலாம், பொலிஸ்காரர் சாரதிக்குச் சொல்லலாம், கூட்டாளிக்கு நாம் சொல்லலாம். தொரைக்கும் டாக்டருக்கும் பேங்க் மெனேஜருக்கும் எழுதக்கூடாது.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது பிரச்சினையில்லை. "மழை வருது, ஐ ஹேட் பெட்டர் கோ" என்றால் கிளம்பாவிட்டால் நனைவேன், அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் எழுத "இட் வுட் பி பெட்டர் இஃப்" என்று தொடங்கலாம். அதைவிட நல்லது பெட்டரையே விட்டுவிட்டு "குட் யூ ப்ளீஸ்" என்று கேட்பது.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது: 'ஹேட்' என்று இருந்தாலும் அது நேற்று நடந்ததல்ல, இனி நடக்க வேண்டியதைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு வரும் வினைக்கு முன்னால் 'டு' போடக்கூடாது. வேண்டாம் என்பதற்கு 'ஹேட் பெட்டர் நொட்'. பேச்சில் 'ஹேட்'டையும் முழுங்கிவிட்டு "யூ பெட்டர் கோ" என்பார்கள், பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.

நானுஓயா லீக்ஸ்

நான் ஒரு காசு விஷயம் கேட்கிறேன். தம்புள்ளையில் மரக்கறி எடுக்கிற முதலாளி ஒருவர் முந்தாநாள் மெசேஜ் போட்டிருந்தார், "லீக்ஸ் ப்ரைஸ் பெட்டர் டுமாரோ" என்று. நான் விலை ஏறப்போகிறது என்று நினைத்து அன்றைக்குப் பிடுங்கவில்லை. மாமா மகன் அதே மெசேஜைப் பார்த்து, அவர் வாங்குகிற ஆள், அவருக்கு பெட்டர் என்றால் விலை இறங்குவதுதான் என்று சொல்லி, ராத்திரியே லொறியில் ஏற்றி ரம்பொடை இறக்கம் இறங்கிவிட்டான். யார் கணக்குச் சரி?

பண்டாரவளை பாலா

அண்ணே, நான் மேலே சொன்னது இதைத்தான். 'எதைவிட' என்பதை விழுங்குகிற மாதிரி 'யாருக்கு' என்பதையும் விழுங்கிவிடுகிறது. கடை போர்டில் 'பெட்டர் ப்ரைஸ்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு மலிவு. ஏஜென்ட் உங்களிடம் வந்து "நான் பெட்டர் ப்ரைஸ் தருகிறேன்" என்றால் உங்களுக்குக் கூட. இரண்டிலும் பெட்டர் கேட்கிறவர் பக்கம் நிற்கிறது, ஏனென்றால் ஆள் பிடிக்கச் சொல்வது. உங்கள் முதலாளி விற்கிற உங்களுக்கு எழுதியதால் விலை ஏறும் என்று எடுப்பதுதான் நியாயம். ஆனால் அவர் தனக்குள் நினைத்துக்கொண்டதை எழுதியிருந்தால் மாமா மகன் சரி.

நானுஓயா லீக்ஸ்

இங்கிலீஷ் வைத்து வியாபாரம் செய்தால் இதுதான் கதி. அடுத்த முறை ஆளுக்குப் போன் எடுத்து "கிலோ எத்தனை ரூபா?" என்று கேட்டுவிடுவேன்.

ஸ்டோர் கிளார்க்

லீக்ஸ் அண்ணே, தேயிலைக்காரர்கள் இந்த வில்லங்கம் தெரிந்துதான் விலைக்கு பெட்டர் என்ற சொல்லை அவ்வளவாகத் தொடுவதில்லை. கொழும்பு ஏலம் 1883 முதல் நடக்கிறது, புரோக்கர்மாருக்கு அதற்கென்று ஒரு பாஷையே உண்டு. வாரா வாரம் வருகிற ரிப்போர்ட்டைப் பாருங்கள். விலை ஏறினால் 'டியரர்', இறங்கினால் 'லோவர்' அல்லது 'ஈசியர்', அசையாமல் நின்றால் 'ஃபேர்ம்'. 'டியர்' என்றால் அன்பே என்று மட்டும் தெரிந்தவர்கள் அதைப் படித்தால் காதல் கடிதம் என்று நினைப்பார்கள்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது 'ஈசியர்'தான். உதாரணத்துக்கு "பீ.ஓ.பீ. 20 ரூபா ஈசியர்" (பீ.ஓ.பீ. ஒரு தேயிலை ரகம்) என்று போட்டிருந்தால், விற்க இலேசாகிவிட்டது, நல்ல காலம் என்று நினைக்கக்கூடாது. கிலோவுக்கு 20 ரூபா இறங்கிவிட்டது என்று அர்த்தம். சிறு தோட்டம் வைத்துப் பச்சைக் கொழுந்து கொடுக்கிறவர்களுக்கு இது நேராகக் கையைக் கடிக்கிற விஷயம். அவர்களுடைய கொழுந்து விலை ஏல விலையைப் பார்த்துத்தான் போடப்படுகிறது.

தரத்துக்கும் 'பெஸ்ட் வெஸ்டர்ன்ஸ்' (மேற்கு மலைச்சரிவுத் தேயிலையில் முதல் தரம்), 'பிலோ பெஸ்ட்', 'ப்ளெய்னர்' என்று படி படியாக வைத்திருக்கிறார்கள். 'பிலோ பெஸ்ட்' என்பது ஒரு தனி அழகு. மோசம் என்று சொல்லாமலே சொல்லிவிடுவது.

மூடுபனி

அப்போ 'ஹை குரோன்' என்றால் 'லோ குரோனை'விட பெட்டர் இல்லையா? நம் மலைத் தேயிலைதானே உசத்தி?

ஸ்டோர் கிளார்க்

உயரத்துக்கும் விலைக்கும் முடிச்சுப் போடக்கூடாது. ஹை, மீடியம், லோ என்பது கடல் மட்டத்திலிருந்து அளக்கிற உயரம் மட்டும்தான். 4,000 அடிக்கு மேலே ஹை, 2,000 அடிக்குக் கீழே லோ, நடுவில் மீடியம். நுவரெலியாத் தேயிலையின் மணமும் வெளிர் நிறமும் கீழ்நாட்டில், காலிப் பக்கத்தில் விளைகிற தேயிலைக்கு வராது. ஆனால் ஏலத்தில் இந்த வருஷங்களில் சராசரி விலை கூடப் போவது கீழ்நாட்டுத் தேயிலைக்குத்தான். மத்திய கிழக்கு நாட்டுக்காரர்களுக்கு அந்தக் கறுத்த, முறுக்கிய இலையும் கடும் சாயமும்தான் பிடிக்கும். 'ஹையர்' எல்லாம் 'பெட்டர்' ஆகிவிடாது.

கணக்கு மாமா, தலவாக்கலை

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விலை கூடினால் பெட்டரா? மாசி மாதத்துத் திம்புள்ள தேயிலையைச் சுடச்சுடப் பால் விடாமல் குடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் தம்பி. நாக்குக்கு பெட்டர் வேறு, முதலாளிக்கு பெட்டர் வேறு.

ஸ்டோர் கிளார்க்

மாமா, நாக்கு விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். மாசி மாதம் எனக்கும் அதுதான்.

எல்ல கைட்

இடையில் புகுகிறேன். நான் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறவன். எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் மாட்டிக்கொள்கிற இரண்டு பெட்டர் சொல்கிறேன்.

ஒன்று, 'தி பெட்டர் பார்ட் ஒஃப்'. கண்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்கின ஒருவர் "இட் டுக் தி பெட்டர் பார்ட் ஒஃப் தி டே" என்றார். நம் பையன் பூரித்துப்போய் "தேங்க் யூ சேர்" என்கிறான். அவர் ரயிலைப் புகழவில்லை. பகலில் முக்கால்வாசி ரயிலிலேயே போய்விட்டது என்று சொன்னார். பெட்டர் பார்ட் என்றால் நல்ல பகுதி அல்ல, பாதிக்கு மேற்பட்ட பகுதி. பட்டிப்பொலை வரைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற லைன், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அது. அவசரமாக வருகிறவர் அந்த ரயிலில் ஏறக்கூடாது.

மற்றது, 'சீன் பெட்டர் டேஸ்'. பழைய பங்களா ஒன்றைக் காட்டினால் "திஸ் பங்களோ ஹேஸ் சீன் பெட்டர் டேஸ்" என்பார்கள். பையன்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாழ்ந்து கெட்ட வீடு என்பதை நாகரிகமாகச் சொல்கிறார் அவர். லயங்களைப் பார்த்தும் சிலர் அதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே மட்டும் நான் திருத்துவேன். அந்தக் காம்பராக்கள் கட்டின நாளிலும் நல்ல நாளைப் பார்த்ததில்லை.

மூடுபனி

கடைசி வரிக்கு ஒரு சபாஷ்.

ராகலை ஓ.எல்.

டீச்சர், எனக்கு இந்த வருஷம் பரீட்சை. சில சின்னக் கேள்விகள். ஏன் 'குடர்' என்று வராமல் பெட்டர் என்று வருகிறது? 'மோர் பெட்டர்' ஏன் பிழை? 'வெரி பெட்டர்' என்று எங்கள் டியூஷன் சேர் சொல்கிறார், அது சரியா? அப்புறம் 'தி பெட்டர்' எப்போ வரும்?

ஹட்டன் டீச்சர்

குடர் என்று இங்கிலீஷ்க் குழந்தைகளும்தான் சொல்லிப் பார்க்கிறார்கள் மகன், அம்மா திருத்திவிடுவார். பெட்டர் 'குட்'டிலிருந்து பிறந்ததே இல்லை. அது வேறொரு பழைய வேரிலிருந்து வந்து குட்டோடு குடும்பம் நடத்துகிறது. ஜெர்மன் மொழியிலும் இதே கதை, 'குட்' என்றால் நல்ல, அதற்கு ஒப்பீடு 'பெஸ்ஸர்'. 'டு பூட்' என்று ஒரு தொடர் இருக்கிறது, கூடுதலாக என்று அர்த்தம். காலில் போடுகிற பூட் அல்ல, பெட்டருக்குச் சொந்தக்காரச் சொல்.

மோர் பெட்டர்: ஒப்பீடு ஏற்கெனவே பெட்டருக்குள் இருக்கிறது, இன்னொரு 'மோர்' எதற்கு? 400 வருஷத்துக்கு முன்னால் நல்ல எழுத்தாளர்களே அப்படி எழுதினார்கள், அப்போது யாரும் குறை சொல்லவில்லை. இப்போது எழுதினால் சிவப்புப் பேனைதான். கூட்டிச் சொல்ல 'மச் பெட்டர்' அல்லது 'ஃபார் பெட்டர்' எழுது. 'வெரி' குட்டோடு மட்டும் போகும், பெட்டரோடு போகாது. சேரிடம் சண்டை பிடிக்காதே, பேப்பரில் மட்டும் சரியாக எழுதிவிடு.

இரண்டு பேரில் ஒருவரைக் குறித்துச் சொல்லும்போது 'தி பெட்டர்' வரும்: "ஷீ இஸ் தி பெட்டர் ஒஃப் தி டூ". மூன்று பேர் ஆகிவிட்டால் 'தி பெஸ்ட்'. பேச்சில் இரண்டு பேருக்கும் பெஸ்ட் போடுகிறவர்கள் நிறையப் பேர், பரீட்சையில் வேண்டாம்.

இதையும் சேர்த்துப் படி: "ஹீ இஸ் நோ பெட்டர் தேன் எ தீஃப்" என்றால் அவனும் கள்ளனும் ஒன்று என்று ஏசுவது. "ஹீ இஸ் நொட் பெட்டர் தேன் ஹிஸ் பிரதர்" என்றால் அண்ணனைவிடக் கெட்டிக்காரன் இல்லை, அவ்வளவுதான். முதலாவதில் வசவு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

ராகலை ஓ.எல்.

நன்றி டீச்சர். கடைசியா ஒன்று. "பெட்டர் தேன் ஐ" யா, "பெட்டர் தேன் மீ" யா? வகுப்பில் இதுக்குப் பெரிய சண்டை.

ஹட்டன் டீச்சர்

இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே அந்தச் சண்டை இருக்கிறது. பேச்சில் எல்லாரும் 'தேன் மீ'தான். 'தேன் ஐ' என்று மொட்டையாக நிறுத்தினால் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். நீ வினையையும் சேர்த்து "ஷீ சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ" என்று எழுதிவிடு, எந்தக் கட்சிக்காரரும் மார்க் வெட்டமாட்டார்.